காஸ்டிக் என்று எழுதச் சொன்ன அக்கா

எஸ்தர் அக்கா இறந்துபோன செய்தியும் அவரைப் பற்றிய முதல் பொய்யும் ஒரே நேரத்தில் என் கைபேசிக்கு வந்தன. பிளெக்ஸ் அச்சடிக்கும் நண்பர் ஒருவர் காலையில் ஒரு வாசகத்தை அனுப்பி, "பிழை பாத்துக் குடுங்ணா, அவசரம்" என்று கேட்டிருந்தார். நான் பனியனுக்கு லேபிளும் டேகும் அச்சடிக்கிறவன். தமிழ் எழுத்து பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பக்கத்துக்காரர்கள் என்னிடம் அனுப்புவார்கள். திறந்து பார்த்தால் அக்காவின் படம். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே, ‘தீராத தோல் நோய்களைத் தன் மூலிகைச் சோப்பால் தீர்த்துவைத்த இயற்கைத் தாய்.’ முந்தின நாள் மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அழுகை வருவதற்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை.

"அந்தத் தோல் நோய் வரியை எடுத்துடுங்க" என்று நண்பருக்குச் சொன்னேன்.

"கடைக்காரர் குடுத்த மேட்டருங்ணா. நானெப்படி எடுக்கறது?"

கடைக்காரர் யார் என்று அக்காவைத் தெரிந்த உங்களுக்குத் தெரியும். அக்காவின் சோப்பை வாங்கித் தன் இயற்கை அங்காடியில் விற்றவர். பெயர் வேண்டாம். மதியம் பல்லடம் ரோட்டிலிருந்து அக்காவின் லைன் வீட்டுக்குத் திரும்பும் முனையில், இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே அந்த வரி அப்படியே நின்றது. வாழ்நாள் முழுவதும் அக்கா ‘நோய் தீர்க்கும்’ என்ற எந்த வார்த்தையைச் சொல்ல மறுத்தாரோ, அந்த வார்த்தையின் கீழேதான் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம்.

எஸ்தர் அக்காவுக்குச் சொந்த ஊர் தெற்கே நாசரேத் பக்கம். கல்யாணமாகித் திருப்பூர் வந்தவர், சாயப்பட்டறையின் சோதனைக் கூடத்தில் கலர் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். முப்பது வருடம் எங்கள் ஊரில் இருந்தும் பேச்சில் தெற்கத்திச் சீமை போகவில்லை. சாயப்பட்டறையில் வேலை முடிந்ததும் ஆட்கள் கையிலிருக்கும் கலரைப் போக்க, துணி வெளுக்கிற பிளீச்சிங் தண்ணீரிலேயே கையை விட்டுக் கழுவுவார்கள். எல்லாரும் செய்வதுதான். நகம் வெளுத்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரியும். அக்கா ஒருநாள் அந்தத் தொட்டி முன்னால் போய் நின்று கத்தினாராம். "துணிக்குப் போடுறத கைக்குப் போடுதியளே, கையி என்ன பனியன் துணியா? கலரு நாலு நாள்ல தானாப் போவும். தோலு போனா வருமா?"

கத்தியதோடு விடவில்லை. அந்த ஆட்களுக்காகத்தான் சோப்பு காய்ச்ச ஆரம்பித்தார். காய்ச்சுவது என்று பழக்கத்தில் சொல்கிறேன். அக்கா அடுப்பே மூட்டமாட்டார். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் எடைபோட்டு ஊற்றிவைப்பார். காஸ்டிக் சோடாவைத் தனியாகத் தண்ணீரில் கரைப்பார். சாயப்பட்டறையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அதே காஸ்டிக்தான். "காரத்தத் தண்ணில போடணும். தண்ணியக் காரத்துல ஊத்துனா மூஞ்சில அடிக்கும்" என்று ஒவ்வொரு முறையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்வார். பக்கத்தில் யாருமே இல்லாவிட்டாலும் சொல்வார். இடது முழங்கையில் பட்டறைக் காஸ்டிக் தெறித்த தழும்பு இருந்தது.

ஆறினதும் எண்ணெயில் ஊற்றிக் கலக்கி, நூல் கோன் வந்த அட்டைப்பெட்டியில் பனியன் போடும் பாலிதீன் கவரை விரித்து ஊற்றிவிடுவார். மறுநாள் நைலான் நூலால் வில்லை வில்லையாக அறுப்பார். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் அலமாரியில் கிடக்க வேண்டும். யார் கேட்டாலும் அதற்கு முன் தரமாட்டார். "ஷிப்மென்ட் தேதி உங்க கம்பெனிக்கு. சோப்புக்கு அதோட தேதிதான்" என்று ஒரு கம்பெனி மேனேஜரையே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அவர் சோப்பு நன்றாகத்தான் இருக்கும். கழுவினால் கை வறண்டு இழுக்காது. ஏன் என்று கேட்டால் அக்கா ரகசியம் எதுவும் வைத்துக்கொள்ளமாட்டார். சோப்பு உண்டாகும்போதே கிளிசரினும் கூடவே உண்டாகிறது, பெரிய கம்பெனிகள் பல அதைத் தனியே பிரித்து எடுத்துவிடும், கையால் செய்வதில் அது உள்ளேயே தங்கும், தோலுக்கு இதம் அதனால்தான் என்பார். தேங்காயெண்ணெய் மட்டும் போட்டால் நுரை பொங்கும், ஆனால் தோல் காயும், மற்ற இரண்டும் அதற்குத்தான் என்பார். "எண்ணெ கொஞ்சம் மிஞ்சலாம், காரம் மிஞ்சக் கூடாது. இதான் மொத்த வித்தையும்" என்று முடித்துவிடுவார். கேட்கிறவர்களுக்காகக் குப்பைமேனி இலையை எண்ணெயில் ஊறவைத்து ஒரு வகை போடுவார். "இதுல என்ன போவும்க்கா?" என்று கேட்டால், "அழுக்குப் போவும். எல்லாச் சோப்புலயும் அதான் போவும்" என்பார். இப்படியொரு வியாபாரி.

என்னிடம் அவர் வந்தது லேபிளுக்காக. சாயப்பட்டறையில் கலர் மாதிரித் துணி ஒட்டும் அட்டை ஒன்றின் பின்பக்கம், உருண்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ‘தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர். குளிக்கவும் கை கழுவவும். புண்ணிலும் அரிப்பிலும் போட வேண்டாம். டாக்டரைப் பார்க்கவும்.’

நான் சிரித்துவிட்டேன். "ஏனுங்க்கா, காஸ்டிக்னு போட்டா யாருங்க வாங்குவாங்க?"

"காரம் இல்லாம சோப்பு ஏது தம்பி? எண்ணெயோட சேந்து அது சோப்பா மாறிரும், பொறவு காஸ்டிக்கா இருக்காது. கேக்குதவுகளுக்கு நான் சொல்லுதேன். ஆனா போட்டத எழுதாட்டி அது பொய்யில்லா?"

சரிங்க என்று வாங்கி வைத்துக்கொண்டேன். சர்ச்சில் ஊரே கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்கு அக்கா ஊருக்குப் போனார். அந்தப் பத்து நாளில் நான் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பனியன் முழுக்கப் பருத்தி என்று லேபிளில் போடுவோம். அதைத் தைத்த நூல் பாலியஸ்டராக இருக்கும். கழுத்துப் பட்டையில் கொஞ்சம் எலாஸ்டிக் கலந்திருக்கும். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. கம்பெனி கொடுப்பதை அடிப்போம், ரோல் சுற்றுவோம், அனுப்புவோம். அந்தக் கைப்பழக்கத்தில், அக்காவுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்து வேறு வாசகம் எழுதினேன். ‘நூறு சதவீதம் இயற்கை. ரசாயனமே இல்லாதது. சொறி, அரிப்பு, படை அனைத்தையும் போக்கும்.’ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு குப்பைமேனி இலைப் படம் வேறு. கடைக்காரர் பார்த்துவிட்டு, "இதுதாங்க லேபிளு!" என்று தோளில் தட்டினார். அக்கா வருவதற்குள் அலமாரியில் இருந்த சோப்பெல்லாம் என் லேபிளை ஒட்டிக்கொண்டு விற்றுப் போனது.

சரசுவை உங்களில் பலருக்குத் தெரியும். பனியன் கம்பெனியில் செக்கிங் செய்பவர். பீசில் எண்ணெய்க் கறை இருந்தால் மருந்து அடித்து எடுப்பதும் அவர் வேலை. விரல்களில் அரிப்பு வந்து, டாக்டர் கொடுத்த களிம்பைப் போட்டுக்கொண்டிருந்தார். என் லேபிளைப் படித்தார். களிம்பை நிறுத்தினார். காலையும் மாலையும் அக்கா சோப்பைப் போட்டுத் தேய்த்தார். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று இன்னும் நன்றாகத் தேய்த்தார். ஊரிலிருந்து திரும்பிய அக்கா தெருக் குழாயடியில் அந்தக் கைகளைப் பார்த்திருக்கிறார். இரண்டு கையும் வீங்கிச் சீழ் வைத்திருந்தது.

அன்று மாலை அக்கா என் அச்சுப் பட்டறைக்குள் வந்த வேகத்தில், மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர் தானாகவே மிஷினை நிறுத்திவிட்டார். சோப்பை என் மேசையில் வைத்தார்.

"இத எழுதுனது யாரு?"

"நான்தானுங்க்கா. விக்கட்டும்னு…"

"எம்பேரு மேல இருக்கு, ஒம்பொய் கீழ இருக்கு. நல்லாருக்குல்லா?" சோதனைக் கூடத்திலிருந்து எடுத்துவந்த, காரத்தை நிறத்தில் காட்டும் பிஹெச் தாளை ஈரச் சோப்பின் மேல் வைத்துக் காட்டினார். தாள் பச்சைக்கு மேலேறி நீலத்தைத் தொட்டது. "எம்புட்டு நல்ல சோப்புன்னாலும் இந்தக் காரக் கொணம் கொஞ்சம் இருக்கும். நல்ல தோலு தாங்கும். வெந்த தோலு தாங்குமா? ஒனக்குத் தெரியாதுன்னா கேட்டிருக்கணும். தெரியாததத் தெரிஞ்ச மாரி எழுதுதவன் படிக்காதவனவிட மோசம்."

மறுநாள் சரசுவை அவரே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தோல் டாக்டரிடம் காட்டினார். எந்தச் சோப்பும் போடக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், "என் சோப்பும்தான்" என்று சரசுவிடம் இரண்டு முறை சொன்னாராம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னிடம் வந்து, "வண்டிய எடு" என்றார்.

யார் யார் வாங்கினார்கள் என்று கடையிலும் அக்கம்பக்கத்திலும் விசாரித்து, நான்கு நாட்கள் என் வண்டியில் வீடு வீடாகப் போனோம். அக்கா பேசவே மாட்டார். கதவு திறந்ததும் என்னை முன்னால் தள்ளுவார். நான் சொல்ல வேண்டும்: "லேபிள்ல இருக்கறது பொய்யிங்க. எழுதுனது நானுங்க." முதல் வீட்டில் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர், "ஏஞ்சாமி, படிச்ச ஆளாட்டத் தெரியற, உனக்கு இது தேவையா?" என்று கேட்டார். அனுப்பர்பாளையத்தில் பித்தளைப் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் ஒரு வீட்டில் அந்த அம்மாள் சோப்பைத் திருப்பித் தர மாட்டேன் என்றுவிட்டார். "ஏனுங்க, கைக் கரி என்னமா போகுது! பொய்யி லேபிள்லதானுங்க, சோப்புலயா?" அக்காவுக்கு அந்த நான்கு நாளில் அங்கேதான் சிரிப்பு வந்தது. "சரிதாம்மா. சோப்ப நீ வச்சிக்க. லேபிள அவன் உரிப்பான்" என்றார். அதன் பிறகு எல்லா வீட்டிலும் அதுவே வழக்கமாயிற்று. நானே தேடிப் பிடித்து வாங்கிய நல்ல பசை. லேசில் வரவில்லை. வாசல் வாசலாக உட்கார்ந்து நகத்தால் சுரண்டினேன். கட்டை விரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்தபோது அக்கா தன் சேலை முந்தானையைக் கிழிக்கப் போனார் என்றெல்லாம் எழுதமாட்டேன். "அடுத்த வீடு" என்றார்.

அதற்கப்புறம் கடைசி வரைக்கும், அட்டையில் அவர் எழுதியதை எழுத்து மாறாமல் அச்சடித்துக் கொடுத்தேன். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே விற்றார். காஸ்டிக் என்று படித்துவிட்டுக் கீழே வைத்தவர்கள் உண்டு. அக்கா கவலைப்படவில்லை. என்னிடம் அதைப் பற்றித் திரும்ப ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு முறுக்கும் அச்சுமுறுக்கும் வரும். கூடவே ஒரு சோப்பும் இருக்கும்.

இப்போது அடக்க ஆராதனை நாளுக்கு வருகிறேன். வாசலில் பந்தல். கடைக்காரர் வந்திருந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். சரசு உள்ளே நுழைந்ததும் அவர் கையைக் காட்டி, "இந்த அம்மாவைக் கேளுங்க. கையெல்லாம் அழுகிக் கெடந்துச்சு. நம்ம அக்கா சோப்புலதான் இப்ப பாருங்க, பூவாட்ட இருக்குது" என்றார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சொல்வார்கள். பெட்டி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. அதற்குள் பிடுங்க வந்துவிட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். சாவு வீடு, சத்தம் போடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். இந்த நாகரிகத்துக்குப் பெயர் கோழைத்தனம். சரசுதான் பேசினார். "இல்லீங்க. சோப்புலதான் கையி அழுகுச்சு. அக்கா ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயித்தான் ஆறுச்சு. அந்தம்மா மூஞ்சிக்கு முன்னால பொய் பேசாதீங்க." சொல்லிவிட்டு என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

காரியமெல்லாம் முடிந்த மறுவாரமே கடைக்காரர் என் பட்டறைக்கு வந்தார். வேறு எங்கோ சோப்பு செய்யச் சொல்லியிருக்கிறாராம். அக்காவின் படம் போட்டு, ‘தோல் நோய் தீர்க்கும் எஸ்தர் அம்மா மூலிகைச் சோப்பு’ என்று லேபிள் வேண்டுமாம். "முன்னாடி நீங்க ஒண்ணு எழுதுனீங்களே, அதையே போட்ருங்க. அதுதாங்க லேபிளு." நான் முடியாது என்றேன். "அதுக்கென்னங்க, ஊர்ல பிரஸ்ஸா இல்லை?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் சொன்னது உண்மைதான். இந்நேரம் எங்கோ அது ரோல் ரோலாக ஓடிக்கொண்டிருக்கும். அதில் இருக்கப்போகிற வாசகம் என்னுடையது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

அக்காவின் சோப்பு என்னிடம் இப்போது இல்லை. கடைசி வில்லையும் கரைந்துவிட்டது. அந்தக் கலர் அட்டை இருக்கிறது. கட்டை விரல் நகம் கோணலாக வளர்ந்திருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த இரண்டும்தான். உங்களை நான் கேட்பது ஒன்றுதான். அக்காவின் முகம் போட்ட சோப்பு உங்கள் கைக்கு வந்தால் அந்த லேபிளை உரித்துப் போடுங்கள். கையிலோ காலிலோ அரிப்பு என்றால் டாக்டரிடம் போங்கள். எல்லார் வீட்டு வாசலுக்கும் இந்த முறை என்னால் வர முடியாது. பின்னால் நின்று தள்ளிவிட அக்காவும் இல்லை. அதனால் அன்று பந்தலில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

லேபிளில் இருப்பது பொய்யிங்க. எழுதியது நானுங்க.