தொண்ணூற்றொன்று யாருடைய மதிப்பெண்

அறுபத்தாறாவது வயதில் நான் கல்லூரியில் சேர்ந்தேன். என்னோடு என் மனைவியும் சேர்ந்தாள். ராசிபுரம் போகும் சாலையில் உள்ள ஒரு கல்லூரியில், சனி ஞாயிறு மட்டும் நடக்கும் கணினித் தகவல் அமைப்புப் பட்டயப் படிப்பு. வயது வரம்பு இல்லை என்று பேருந்தின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் படித்துச் சொன்னவள் அவள்தான். நான் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். அவள் நாமகிரிப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இளம்பிள்ளை ஊர்த் தறிப் புடவைகளை அடுக்கி வைத்து, செல்பேசியிலேயே ஊர் ஊராக விற்பவள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தின்போது அவள் சேலத்தில் பி.எஸ்சி. முதலாண்டு படித்துக்கொண்டிருந்தாள். மீதியை முடிக்க அனுப்புகிறேன் என்று அவள் அப்பாவிடம் தலையாட்டினேன். பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. அவள் இரண்டு முறை எடுத்தாள். இரண்டு முறையும் நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். அந்த உறுத்தலில்தான் இந்த முறை நானே போய் இரண்டு விண்ணப்பங்களை வாங்கி வந்து, இரண்டையும் நானே நிரப்பினேன். அப்படி நிரப்பியதில் ஒரு தப்பும் செய்தேன். அது பின்னால்தான் தெரிந்தது.

சனிக்கிழமைக் காலைகள் எங்களுக்குத் திருவிழா மாதிரி இருந்தன. தக்காளிச் சோற்றைக் கட்டிக்கொண்டு முதல் பேருந்தில் போவோம். கணினி அறைக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு உள்ளே நுழைந்தால் குளிர் எலும்பில் ஏறும். இவள் பையிலிருந்து ஒரு புதுப் புடவையை எடுத்துப் போர்த்திக்கொள்வாள். இடைவேளையில் கூடப் படிக்கும் பெண்கள் அதையே விலை கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த வாரம் வேறு நிறம்.

பாடம் எடுத்தவர் எங்கள் மகள் வயதுள்ள விரிவுரையாளர். "சார், மௌச இவ்ளோ இறுக்கிப் புடிக்காதீங்க. அது ஓடிப்போகாது" என்பார். அறை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். முப்பது வருடம் மற்றவர்களை உட்கார வைத்துப் பேசிய எனக்கு, பெஞ்சில் உட்கார்ந்து திட்டு வாங்குவது அவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரியாமல் போயிற்று.

தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் பாடம் வந்தபோது நான் திணறினேன். அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. "இதென்னங்க பெரிய வித்தை" என்றாள். "ஒரே டிசைனு, அஞ்சு கலரு. பேர வெச்சுத் தேடுனா ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நெம்பர் போட்டுட்டா முட்டாது. நா பத்து வருசமா அப்புடித்தானுங்க வெச்சிருக்கறேன்."

முதல் தேர்வு வந்தது. இரண்டு பெரிய கேள்விகளை நான் தொடவே இல்லை. அவள் கூடுதல் தாள் வாங்கி எழுதினாள். அடுத்த வெள்ளிக்கிழமை என் செல்பேசிக்குச் செய்தி வந்தது. என் பெயருக்கு நேரே தொண்ணூற்றொன்று. அவள் பதிவெண்ணைப் போட்டுக் கல்லூரித் தளத்தில் தேடினேன். "பதிவு இல்லை" என்றது.

அது என் மதிப்பெண் இல்லை என்று அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும். எழுதாத கேள்விக்கு யார் மதிப்பெண் போடுவார்கள்? ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் விரிவுரையாளர், "சார்தான் ஃபர்ஸ்ட்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். என் மனைவியும் தட்டினாள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினாள். அதற்குப் பின் தனியாக அலுவலகம் போய் விசாரித்துவிட்டு வந்தாள். அவள் தாளைக் காணோமாம். அடுத்த ஞாயிறு மறுதேர்வு எழுதலாம், எழுதாவிட்டால் படிப்பில் தொடர முடியாது என்றார்களாம்.

பேருந்தில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நமக்குப் படிப்பு ஒட்டாதாட்ட இருக்குதுங்க. அன்னைக்கும் பாதியில நின்னுச்சு. நா பேசாம பொடவையவே பாத்துக்கறேன். நீங்க முடிச்சுப்போட்டு வாங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. "எழுதிப் பாரு அம்மிணி" என்று மட்டும் சொன்னேன்.

அவள் புத்தகத்தைத் திரும்ப எடுத்தாள். வியாழக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும், புடவைக் கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, தொண்ணூத்தொண்ணு வாங்குனவரு எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. இந்த ஏழாவது கேள்விக்கு நீங்க என்ன எழுதுனீங்க?"

ஏழாவது கேள்வியை நான் படித்துக்கூடப் பார்த்ததில்லை. ஏதோ உளறினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்லீங்களே, நா வேற மாதிரியல்ல எழுதுனேன்" என்று விளக்க ஆரம்பித்தாள். பிசிறில்லாத விளக்கம். பாதியில் நிறுத்தி, "அப்ப நா எழுதுனது தப்புங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. "தப்பில்லை. அந்தத் தொண்ணூத்தொண்ணு உன்னுது. மெசேஜ் வந்தப்பவே எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் கட்டிலிருந்து நழுவிய ஒரு புடவையை எடுத்து மடித்தாள். மடித்து முடித்ததும் நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள்.

"அப்ப உங்க மார்க்கு எங்கீங்க போச்சு?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அவள் எழுந்து போய் பீரோவிலிருந்து விண்ணப்ப நகல்களை எடுத்து வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் செல்பேசி எண் என்ற கட்டத்தில் என் எண்ணே இருந்தது.

எங்கள் பக்கத்தில் இது ஒரு பழக்கம். ரேஷன் அட்டை, கேஸ், வங்கி, எதுவானாலும் ஆம்பளை எண்தான். அவளுக்குச் சொந்தமாகச் செல்பேசி இருக்கிறது, அதில் அவள் பெயரில் வியாபாரமே நடக்கிறது. இருந்தும் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன்.

"செல்லு நெம்பர வெச்சுத்தான் மார்க்கு ஏத்தறாங்களாட்ட இருக்குது" என்றாள். "உங்குளுது மொதல்ல ஏறிருக்கும். என்னுது வந்து அது மேல உக்காந்துருச்சு." பிறகு சிரித்தாள். "பொடவக்காரிக்குத் தெரிஞ்சது அந்த ஆபீசுக்குத் தெரியலீங்களே."

சனிக்கிழமை நாங்கள் போய்ச் சொன்னதும் விரிவுரையாளர் விடைத்தாள் கட்டைப் பிரித்துப் பார்த்தார். அவள் சொன்னது அப்படியே சரி. என் தாளும் அதில் இருந்தது. முப்பத்திரண்டு. தேறவில்லை.

"தெரிஞ்சதும் சொல்ல வந்தீங்களே சார்" என்றார் அவர்.

"தெரிஞ்சு எட்டு நாள் ஆகுதுங்க" என்றேன். வகுப்பிலும் எழுந்து நின்று அதையே சொன்னேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி, "அப்ப அன்னைக்குத் தட்டுன தட்ட அம்மாவுக்கு மாத்தி உட்ருங்க" என்றாள். இரண்டாவது கைதட்டல் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, போர்த்தியிருந்த புடவையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

மறுதேர்வு இப்போது எனக்கு. அதற்கு முன் அவள் விண்ணப்பத்தைத் திருத்த வேண்டும். அலுவலக மேசையில் அந்தத் தாளை வைத்து என் எண்ணைக் கோடிட்டு அடித்தேன். பேனா அங்கேயே நின்றது. அவள் எண் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. செல்பேசியை எடுத்துத் தேடினேன். தோளுக்குப் பின்னாலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். அவள் எண்ணை நான் "வீடு" என்று போட்டு வைத்திருந்தேன்.

"நா என்ன கட்டடமுங்களா?" என்றாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கூடச் சிரித்துவிட்டார். நான் செல்பேசியைப் பைக்குள் போட்டேன். "நீயே சொல்லு, எழுதறேன்" என்றேன். அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள், நான் ஒவ்வொரு கட்டமாக எழுதினேன். பத்தும் முடிந்ததும் தாளைத் தன் பக்கம் திருப்பி, முதலிலிருந்து ஒருமுறை சரிபார்த்தாள்.

"சரீங்க" என்றாள். "வாங்க, ஏழாவது கேள்விய பஸ்ஸுல சொல்லித் தாரேன்."