சிலிண்டர் நாலு மணி வரை வருமா?

போன ஆடிப்பெருக்கு அன்று என் வீட்டுக்காரரின் மூச்சு நின்றுவிடும் என்றே நினைத்தேன். அடியார்களே, அன்று நடந்ததைச் சொல்கிறேன்.

அவருக்கு நுரையீரல் கெட்டு இரண்டு வருடம். ஆக்சிஜன் மிஷின் பழுதாகி ரிப்பேருக்குப் போயிருந்தது. நான்கு நாளாகச் சிலிண்டர்தான். அடுத்த சிலிண்டர் அரியமங்கலத்திலிருந்து பத்து மணிக்கு வர வேண்டும். டிரைவர் போன் செய்தார்.

"அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் ஒரே கூட்டம்மா. வண்டி பாலத்துலயே நிக்குது. நாலு மணி ஆயிடுங்க."

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாலும் அதே கூட்டத்தில்தான் மாட்டும். நான்கு நாளாகத் தூக்கம் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம், சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் முள்ளைப் பார்ப்பேன். பூஜை அலமாரி முன் உட்கார்ந்து அழுதேன்.

"ரங்கநாதா, நீ பாட்டுக்குப் படுத்திருக்க. இது நாலு மணி வரைக்கும் வருமா வராதான்னாவது சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே தினசரி காலண்டர். டாக்டர் சொன்னபடி நானே அதில் முள்ளின் அளவைக் குறித்திருந்தேன். எட்டு மணிக்கு 110. பத்து மணிக்கு 90.

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள் நான். இரண்டு புள்ளி கிடைத்தால் நேர்க்கோட்டின் சமன்பாடு வந்துவிடும் என்று வருடா வருடம் தொண்டை வறளக் கத்துகிறவள். என் வீட்டுக் கஷ்டத்துக்கு அது ஞாபகம் வரவில்லை பாருங்கள்! ஒற்றை எண்ணைப் பார்த்தே பயந்துகொண்டிருந்தேன்.

காற்று ஒரே அளவில்தான் போய்க்கொண்டிருந்தது. மணியை x என்றும் முள் காட்டுவதை y என்றும் வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் இருபது குறைந்திருக்கிறது, சாய்வு −10. y − 110 = −10(x − 8). சுருக்கினால் y = 190 − 10x. மாலை நாலு மணிக்கு x 16. அப்போது y 30. தாங்கும்.

மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னேன். மாஸ்க்குக்குள்ளிருந்து, "அப்ப நீ படு. நான் எங்கயும் போயிடல," என்றார்.

ஒரு மணிக்கு அலாரம் வைத்து, பத்தரைக்குக் கட்டிலுக்குக் கீழே தரையிலேயே படுத்தேன். எழுந்ததும் முள்ளிடம் ஓடினேன். கணக்குப்படி 60 இருக்க வேண்டும். அறுபதேதான். ஓவென்று அழுதுவிட்டேன். வண்டி நாலரைக்கு வந்தது.

மிஷின் திரும்பி வந்துவிட்டது. அவர் வியாதி தீரவில்லை, என் அலுப்பும் தீரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கரண்ட் போய்ச் சிலிண்டர் போட நேர்ந்தால், முள்ளை இரண்டு தரம் குறித்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். அன்று நான் கேட்டது ஒரு பதில்தான். பெருமாள் அதோடு இரண்டரை மணி நேரத் தூக்கமும் கொடுத்தார். நோயாளியை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களே, அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தூங்குங்கள்.