இரண்டு பக்கமும் ஒலித்த பாட்டு

ராயபுரத்தில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் என் தங்கை எஸ்தரின் குரல் தனியாகத் தெரியும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் காசிமேட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். திருமண வரவேற்பில் அவள் பாடுவதற்காக மாப்பிள்ளை வீட்டாரே ஒரு கரோக்கி கருவியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

அக்காலத்து கரோக்கி வி.சி.டி.யில் ஒரு பக்க ஸ்பீக்கருக்கான ஒலியில் பாடகியின் குரலோடு பாட்டும், மறுபக்கத்தில் வெறும் இசையும் பதிந்திருக்கும். நாம் பாடும்போது இசைப் பக்கத்தை மட்டும் ரிமோட்டில் தேர்ந்தெடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் தம்பி, சத்தம் நிறைவாக இருக்கட்டுமென்று இரண்டையும் சேர்த்தே ஓடவிட்டார். எஸ்தர் தயங்கியபடியே பாடினாள். இரண்டாவது சரணத்தில் இருமல் வந்து மைக்கை விலக்கினாள். பாட்டு நிற்கவில்லை.

"இன்னாடா இது! வாய் மூடிக்கினு கீது, பாட்டு ஓடிக்கினு கீது!" என்று அவள் மாமியார் கூவினார். "கொரலையும் வாடகைக்குத்தான் எட்தாங்களா?"

மண்டபம் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார்.

நான் மேடையேறி ஒலிப் பக்கங்களைப் பற்றி விளக்கினேன்.

"மிஷின் மேல பழி போடாதம்மா. அத்த நிறுத்திட்டு இப்ப பாடச் சொல்லு, பாப்போம்" என்றார் மாமியார்.

நிறுத்தினார்கள். எஸ்தர் வாயைத் திறந்தாள், விம்மல்தான் வந்தது.

இப்போதெல்லாம் யார் வீட்டு விசேஷமானாலும், விருந்தினர் வருமுன்பே கரோக்கியை ஓடவிட்டு, ஸ்பீக்கரில் குரல் ஏதும் கேட்கிறதா என்று நானே சரிபார்க்கிறேன். எஸ்தரை அவள் புகுந்த வீட்டில் இன்னமும் 'சி.டி. மருமவ' என்றுதான் அழைக்கிறார்கள். திருப்பலியில் அவள் உதடுகூட அசைவதில்லை. அசைந்தால் யாராவது பார்த்துச் சிரிப்பார்களாம்.