மேலிருந்து பார்த்த ஆகாயக் கப்பல்

பதுளைக் குதிரைப்பந்தயத் திடலில் ஆகாயக் கப்பல் பறக்கப்போகிறது என்று நோட்டீஸ் ஒட்டிய அன்றே நானும் என் சிநேகிதனும் பந்தயம் கட்டிவிட்டோம். அவன் பஜாரில் தன் வாப்பாவின் துணிக்கடையில் நிற்பவன். நான் ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். இருவருக்கும் ஒரே பைத்தியம். கொழும்பிலிருந்து துணிக்கட்டோடு வரும் பழைய இங்கிலீஷ் படப் பத்திரிகைகளை அவன் வெட்டி ஒட்டுவான். துரை பங்களாவில் கழித்துப் போடுவதை நான் ஒட்டுவேன். மூன்று வருஷமாக ஆளுக்கொரு புத்தகம். மூன்றடுக்கு இறக்கை, பின்பக்கம் விசிறி வைத்தது, தண்ணீரில் இறங்குவது, எதைக் காட்டினாலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவோம். ஆனால் நிஜமாகப் பறக்கும் ஒன்றை இரண்டு பேருமே பார்த்ததில்லை.

பந்தயம் இதுதான். இறக்கை ஓரடுக்கா, ஈரடுக்கா? யந்திரம் புதுசா, பழசா? பார்த்தவுடன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துவிட வேண்டும். இரண்டும் சரியாகச் சொன்னவனுக்கு மற்றவன் தன் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். ‘சீமையிலிருந்து நேராக வந்த புத்தம் புதிய யந்திரம்’ என்று நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் அதை நம்பவில்லை. புதுசை யாராவது பதுளை வரைக்கும் கொண்டுவருவார்களா?

கப்பல் பறக்கிற அன்றைக்குப் பெரிய கிளாக்கர் லீவு தரவில்லை.

"கப்பல் பறந்தா உனக்கென்ன? நீயா ஓட்டப்போற?" என்றார். அதோடு ஒரு கடுதாசியைக் கொடுத்து மேல்மலைக் கணக்கப்பிள்ளையிடம் சேர்க்கச் சொன்னார். எனக்கு அது போதும். மேல்மலையிலிருந்து பார்த்தால் திடல் உள்ளங்கை அளவுக்குத் தெரியும்.

கடுதாசியைச் சேர்த்துவிட்டுத் தேயிலைக்குள் நின்றேன். சத்தம் முதலில் வந்தது. வானத்தில் தேடினேன், ஒன்றுமில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா சிரித்துவிட்டாள்.

"அண்ணாந்து என்னத்தைத் தேடுறீங்க கிளாக்கரய்யா? கீழே பாருங்க!"

எனக்குக் கீழே, பள்ளத்தாக்கில் போய்க்கொண்டிருந்தது அது. என் புத்தகத்தில் அத்தனை படமும் தரையில் நின்று எடுத்தவை. ஆகாயக் கப்பலின் முதுகை நான் கண்டதே கிடையாது. நீளமாக ஓர் இறக்கை, நடுவில் உடம்பு. சந்தேகமே இல்லை. மைப்பென்சிலை நாக்கில் தொட்டு ‘ஓரடுக்கு’ என்று எழுதினேன். இறக்கையின் இரண்டு முனையிலும் வெள்ளிப் பூச்சுக்கு அடியில் வட்டத்துக்குள் வட்டமாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது. பட்டாளத்து முத்திரை! ஜெர்மன் சண்டைக் காலத்து யந்திரத்துக்கு மேல்பூச்சுப் பூசியிருக்கிறார்கள். ‘பழசு’ என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

"ஒத்தை ரெக்கைதான், பார்த்தீங்களா அக்கா?"

"ஒத்தையா? படிச்சவுங்களுக்குக் கண்ணு இப்படியா இருக்கும்? எதிர்மலையில நிழலைப் பாருங்க. ரெண்டு கோடு ஓடுது."

காலை வெயில் சாய்வாக அடித்தது. எதிர்மலைப் புல்லில் ஏணிச் சட்டம் போல இரண்டு கோடுகள் ஓடின. அப்புறம்தான் புரிந்தது, நேர் மேலிருந்து பார்த்தால் மேல் இறக்கை கீழ் இறக்கையை மறைத்துவிடும். ‘ஓரடுக்கு’ என்பதை அடித்து ‘ஈரடுக்கு’ என்று எழுதினேன். அடித்த இடம் அசிங்கமாக ஊதா நிறத்தில் பரவிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். அவன் துண்டுக் காகிதத்தில் ‘ஈரடுக்கு, புதுசு’ என்று இருந்தது.

"தொட்டுப் பார்த்தேன் மச்சான். பெயிண்ட் பளபளன்னு இருக்கு. பழசாம் பழசு! மலையில நின்னு கனாக் கண்டியா?"

வட்டங்களைச் சொன்னேன். தரையில் நின்றவனுக்கு மேல் இறக்கையின் முதுகு தெரிந்திருக்காது; அவன் நம்பவில்லை.

"கிட்டே நின்னியே, எஞ்சின் எப்படி இருந்திச்சு?"

"எஞ்சினைச் சொல்லாதே. திடல் பூரா வெளக்கெண்ணெய் நாத்தம். என் சட்டையில கூடத் தெறிச்சிருக்கு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உன் புத்தகத்தை எடு. விசிறியோட சேர்ந்து தானும் சுத்துற எஞ்சின் படம் ஒட்டி வச்சிருக்கியே, அதுக்குக் கீழே என்ன போட்டிருக்கு? வாசி."

அவனே எடுத்தான், அவனே வாசித்தான். அந்த எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள். சண்டைக்குப் பிறகு அதைச் செய்வதை விட்டுவிட்டார்கள். வாசிக்க வாசிக்க அவன் குரல் இறங்கியது. புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினான்.

எடுத்துக்கொண்டு நடந்திருக்கலாம். ஆனால் அவன் என் துண்டுக் காகிதத்தில் இருந்த ஊதாக் கறையைக் காட்டி, "இது என்னடா?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பொய் சொல்ல வராது. நிழலைச் சொன்னேன், அக்காவையும் சொன்னேன்.

"அப்போ ரெக்கை நீ சொன்னதில்லை."

"இல்லைதான். ஆனா பழசுங்கிறது நான் சொன்னது."

"அப்போ பாதிதான் உனக்கு."

"சரி. ஆனா எந்தப் பாதின்னு நான்தான் சொல்வேன்."

அதற்கு அவன் தகராறு செய்யவில்லை. துணி வெட்டும் கத்தரியால் தன் புத்தகத்தின் முதுகுத் தையலை அறுத்து, நடுவில் சரியாகப் பிரித்து, இரண்டு பாதிகளையும் மேசைமேல் வைத்தான். படங்கள் அதிகம் ஒட்டி, பசை கனத்துத் தடித்திருந்த பின்பாதியை நான் எடுத்துக்கொண்டேன்.