வாடிவீட்டின் வடக்குப் பலகை

வாடிவீட்டுப் போசனப் பட்டியல் அங்கீகரிக்கப்பட்ட படிவத்தில், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு, போசனசாலையின் உட்சுவரில் தொங்கவிடப்படல் வேண்டும். மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றி அதில் யாதொரு மாற்றமும் செய்யப்படலாகாது. வாடிவீடுகள் பற்றிய விதிகளில் இது பதினான்காவது. அரசாங்கச் சேவையில் தலைமை எழுதுவினைஞராக ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: விதிகளை மீறியவர்களைப் பார்க்கிலும் விதிகளை வாசித்தவர்கள் நாட்டில் மிகக் குறைவு. பதினான்காவது விதியை நான் முழுவதும் வாசித்துவிட்டுத்தான் மீறினேன். அந்த வகையில் எனக்கென்று ஒரு தனிச்சிறப்பு உண்டு.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. கிளிநொச்சியில், கண்டி வீதியோரமாக இருந்த உள்ளூர்ச் சபையில் நான் இளைய கிளாக்கர். கந்தோரும், பிரயாணிகள் தங்கிச் சாப்பிடச் சபை நடத்திய வாடிவீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. வாடிவீட்டின் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பட்டியல் தொங்கியது. சூப், மீன் கட்லட், வாட்டிய கோழி, கறமல் புடிங். யானை சுட வந்த துரைமாருக்காக எழுதியது அது. சூப் குடிக்கத் தெரிந்த கடைசித் துரை இரணைமடுக் குளக்கட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கப்பலேறி வருடங்களாகியிருந்தன. ஆனாலும் பட்டியல் அங்கீகரிக்கப்பட்டது. ஆகவே அது தொங்கியது.

அங்கே சமையலும் நிர்வாகமும் ஓர் அக்காவின் பொறுப்பு. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்குக் கணவனோடு வந்தவர். கணவன் காய்ச்சலில் இறந்தபின் சபை அவருக்கு இந்த வேலையைக் கொடுத்திருந்தது. குசினிக்குப் பின்னாலிருந்த அறைதான் அவருக்கு வீடு. ஊரில் எல்லோருக்கும் அவர் அக்கா. வயதில் மூத்த எங்கள் சபைச் சேர்மனுக்கும் அக்காதான். கைப்பக்குவம் நல்லது. வாய் அதைவிடக் காரம். ஆனால் சாப்பிடத்தான் ஆளில்லை. காட்டுப்பன்றி இறைச்சிக்காக மாலையில் வரும் இரண்டொரு ஓவசியர்மாரையும், அதே காரணத்துக்காக வரும் சேர்மனையும் விட்டால் கதிரைகளில் தூசிதான் இருந்தது.

ஒருநாள் சேர்மன் என்னைக் கூப்பிட்டார்.

"ஐசே, கூட்டுறவுச் சங்கத்துக்காரர் உரமூட்டை அடுக்க ஒரு கட்டடம் கேக்கினம். வாடிவீட்டைக் குடுத்திடலாமெண்டு பாக்கிறன்."

"அப்ப அக்கா, சேர்?"

"அதுதானே பாவம். காலபோக அறுவடை முடியுமட்டும் தவணை தாறன். அதுக்குள்ள சனம் வரவேணும். வராட்டி உரமூட்டை வரும்."

அக்காவுக்குப் போக வேறு இடமில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றிரவே கொழும்பிலிருந்த மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். பட்டியலை மாற்றுவதற்கும், தமிழில் எழுதி வெளியே வைப்பதற்கும் அனுமதி கோரி, பதினான்காவது விதியை மேற்கோள் காட்டி, மூன்று பிரதிகளில். அந்தக் கடிதத்தில் குறை காணக்கூடிய அதிகாரி இன்னும் பிறக்கவில்லை. பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் வரவில்லை. பதில் வராதவிடத்துப் பின்னர் கிடைக்கவிருக்கும் அனுமதியை எதிர்பார்த்து முன்னரே கருமமாற்றும் ஒரு மரபு எங்கள் சேவையில் உண்டு. கடிதக்கோவையில் அப்படியே ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் பலகை செய்யத் தொடங்கினேன்.

முதலாவது பலகையைப் பற்றி நான் வெட்கப்படுவதில்லை. வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து. மேலே "அறிவித்தல்". அதன்கீழ், "இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், மேற்படி வாடிவீட்டில் பின்வரும் போசனங்கள் நியாய விலையில் வழங்கப்படும்" என்று ஒரு வசனம். அதன்பின் இலக்கமிட்ட இருபத்திரண்டு பதார்த்தங்கள். இருபத்திரண்டும் அக்கா சொன்னவை. தனக்குத் தெரிந்த ஒரு கறியைத்தானும் விட அவர் சம்மதிக்கவில்லை. அடியில் "உத்தரவுப்படி" என்று போட்டேன். உத்தரவுப்படி என்று முடியாத ஓர் எழுத்தை அந்த வயதில் எனக்கு எழுதத் தெரியாது.

மறுநாள் காலையில் கந்தோருக்கு வந்தபோது பலகையைச் சுற்றிப் பெருங்கூட்டம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர் தோளிலிருந்த துவாயை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். குடியேற்றத் திட்டத்துக் கமக்காரர்.

"ஐயா, இதுக்கு எங்க விண்ணப்பம் குடுக்கிறது?"

"எதுக்கு?"

"உந்தப் பதினோராம் நம்பருக்கு. கத்தரிக்காய்ப் பால்கறி. எங்கட மனுசியையும் சேர்த்துப் போடலாமோ? இல்லாட்டி காணிப் பேர்மிட் உள்ள ஆளுக்கு மட்டுமோ?"

அவருக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஊர் விதானையாற்ற கையெழுத்தும் வேணுமோ ஐயா?"

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த மண்ணில் அரசாங்க வளவுக்குள் ஒரு வெள்ளைப் பலகை முளைத்தால், ஒன்றில் குளத்துத் தண்ணீர் திறக்கும் நாள், இல்லையேல் விதைநெல் மானியம், அதுவும் இல்லையேல் காணி பகிர்ந்தளிக்கும் காணிக் கச்சேரி. அதைப் பார்த்தவுடன் வரிசையில் நிற்பது அவர்களுடைய பிழைப்பு. நின்றார்கள். மத்தியானம் வரை நின்றார்கள். "காசு குடுத்தாச் சாப்பாடு" என்று நான் விளக்கியதும், ஏதோ சலுகை கைநழுவிப்போன முகத்தோடு கலைந்தார்கள்.

அக்கா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளாக்கர் தம்பி, உம்மட பலகை நல்லா வேலை செய்யுது. சனம் வருது, வரிசையில நிக்குது, பசியோட வீட்ட போகுது."

அன்று மாலை பலகையைக் கழற்றினேன். அதன் தமிழில் இன்றைக்கும் ஒரு பிழை காட்ட முடியாது. ஆனால் சாப்பிட அழைக்கும் எழுத்து உத்தரவு மாதிரி இருக்கக்கூடாது என்பது எனக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் என் சேவைக்காலத்திலேயே சிறந்த வேலை. பதவி உயர்வுகள் எல்லாம் அதற்குப் பின்தான் வரிசையில் நிற்கவேண்டும்.

முதலில் பஸ்களைக் கவனித்தேன். தெற்கிலிருந்து வரும் பஸ் எல்லாம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டுதான் எங்களைத் தாண்டும். பிள்ளையாரோடு போட்டிபோட எந்த விதியிலும் இடமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து பளையைக் கடந்து வரும் பஸ்ஸுக்கு நாங்கள் முந்தி, பிள்ளையார் பிந்தி. அதில் இருப்பவர்கள் விடியற்காலை வெறும் தேத்தண்ணீரோடு ஏறியவர்கள். ஆகவே பலகை வடக்கைப் பார்த்து நிற்கவேண்டும் என்று தீர்மானித்தேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் இருந்து பார்த்து, கண்ணுக்கு நேரே வரும் உயரத்தையும் குறித்துக்கொண்டேன். கோயில் திருவிழா விளம்பரம்போல மஞ்சள் பூசி, சிவப்பில் எழுதினேன். அரசாங்கம் ஒருபோதும் மஞ்சளில் சிவப்பு எழுதாது.

எழுதவேண்டியதைப் பற்றி அக்காவோடு இரண்டு நாள் சண்டை.

"அஞ்சு போதும் அக்கா."

"அஞ்சோ? அப்ப எனக்கு அஞ்சு கறிதான் தெரியுமெண்டு சனம் நினைக்கும்."

"பஸ்ஸில இருக்கிறவன் இருபத்திரண்டை வாசிச்சு முடிக்க பஸ் மாங்குளம் போயிடும்."

"மெல்லமா ஓடச் சொல்லும் றைவரை."

அந்தக் கதையிலிருந்துதான் எனக்குப் பொறி தட்டியது. பிரயாணிக்குப் பசியைவிடப் பெரியது, தன்னை விட்டுவிட்டுப் பஸ் போய்விடுமோ என்ற பயம். சாரதிக்கு வாசலுக்கு நேரே ஒரு மேசை ஒதுக்கி, முதல் இலை அவருக்கே என்று அக்காவைச் சம்மதிக்க வைத்தேன். பலகையின் கடைசி வரி பிறந்துவிட்டது.

காட்டுப்பன்றியில்தான் பெரிய சிக்கல். முல்லைத்தீவிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் நெல்லுக்கும் கருவாட்டுக்கும் வந்துபோகும் முஸ்லிம் வியாபாரிகள் எங்கள் படியை மிதிப்பதில்லை. மற்ற நாளில் மீன் தின்னும் சைவசமயத்தாரோ, மரக்கறி நாளான வெள்ளிக்கிழமை எந்தச் சட்டியில் எது வெந்ததோ என்று பயந்து பட்டினியாகவே பிரயாணம் செய்வார்கள். மீன் சமைத்தால் ஆறு நாளும் இருபகுதியாரும் சாப்பிடலாம். வெள்ளியன்று முழுச் சைவம் என்றால் ஒருவருக்கும் பயமில்லை. பன்றியை நிறுத்தினால் நட்டப்படுவது ஓவசியர்மாரும் சேர்மனும் மட்டுமே.

"சேர்மன் கோவிப்பார்," என்றேன்.

"அவர் வீட்ட போய்ச் சாப்பிடட்டும். அவருக்கு வீடிருக்கு," என்றார் அக்கா.

பலகையில் இப்படி எழுதினேன்:

"வாங்கோ. பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு, இப்போது வடித்தது. இரணைமடுக் குளத்து விரால் குழம்பு. முருங்கையிலை வறை. சொதி. எருமைத் தயிரும் காட்டுத்தேனும். எல்லாம் சேர்த்து ஒரே விலை. வெள்ளிக்கிழமை சைவம் மட்டும், சட்டி பானை வேறு. பன்றி இல்லை. பஸ் விட்டுவிட்டுப் போகாது: றைவரும் உள்ளேதான் சாப்பிடுகிறார்."

பலகை ஏறிய அன்று காலை யாழ்ப்பாணத்துப் பஸ் வந்து நின்றது. சாரதி இறங்கி உள்ளே போனார். ஜன்னல்களில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் சாரதியைப் பார்த்தார்கள், பலகையைப் பார்த்தார்கள். அடுத்த நிமிடம் பஸ் வெறுமையாகிவிட்டது. ஒரு பெரியவர் மட்டும் சாப்பிடும்போதும் சாரதியின் முதுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இரண்டொரு நாளில் முல்லைத்தீவு லொறியொன்று நின்றது. நெல் வியாபாரியான ஒரு முஸ்லிம் நானா இறங்கி, பலகையை ஆறுதலாக வாசித்துவிட்டுக் குசினி வாசலுக்கே வந்தார்.

"தங்கச்சி, இப்ப இல்லையெண்டு எழுதியிருக்கு. முந்தி உந்தச் சட்டியில ஏறினதுதானே?"

"அந்தச் சட்டி உடைஞ்சு போச்சு நானா. நான்தான் உடைச்சனான். ஓடு கிணத்தடியில கிடக்கு, போய்ப் பாருங்கோ."

நானா உண்மையிலேயே கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து கை கழுவிவிட்டுக் கதிரையை இழுத்தார்.

"பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறமாதிரியெல்லோ உடைச்சிருக்கிறா. சோத்தைப் போடுங்கோ."

அதன்பின் கதிரைகளில் தூசி படிய நேரமிருக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அரசாங்க உத்தியோகத்தரும் குடும்பத்தோடு வந்தார்கள். பதினோராம் நம்பருக்கு விண்ணப்பம் கேட்ட கமக்காரரும் தன் மனுசியோடு வந்தார். அவருக்காக அன்று அக்கா கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தார், பலகையில் இல்லாமலே. விரால் கொண்டுவருகிறவர் ஒருவர் போதாமல் இன்னொருவரும் சைக்கிள் மிதித்தார்.

ஆனால் பன்றியை இழந்த மனிதர் சும்மா இருப்பாரா? அறுவடை முடியும் தறுவாயில் சேர்மன் என்னைக் கூப்பிட்டார். அவர் மேசையில் விதிப்புத்தகம் விரித்தபடி கிடந்தது. அவர் அதைத் திறந்து நான் கண்டது அன்றுதான்.

"பதினாலாம் விதி தெரியுமோ ஐசே?"

"ஓம் சேர்."

"அப்ப அனுமதிக் கடிதம் எங்க?"

"எதிர்பார்க்கப்படுகிறது சேர்."

"சபைக் கூட்டம் சிவராத்திரிக்கு மறுநாள். கடிதத்தோட வாரும். இல்லாட்டி பலகை கழறும், உரம் உள்ளுக்கு வரும். கணக்குப் பரிசோதகர் வந்தால் பதில் சொல்லவேண்டியது நான்."

சனம் வந்தால் போதும் என்று சொன்னவர் அவர்தான். ஆனால் வாய்மொழித் தவணைக்குக் கடிதக்கோவையில் இடமில்லை. என்னைத் தவிர வேறு யார் அதை நன்றாக அறிவார்? தந்தி அடித்தேன். பதிலில்லை. அக்காவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"கூட்டம் எத்தினை மணிக்கு?"

"பத்துக்கு."

"அதுக்குள்ள பஸ் சனத்தை அனுப்பிப்போட வேணும். விரதக்காரர் வருவினம். உரத்தை அவை தங்கட பாட்டில கொண்டுவரட்டும்."

சிவராத்திரிக்கு மறுநாள் காலை, இரவெல்லாம் கண்விழித்து விரதமிருந்தவர்களோடு பஸ்கள் வந்தன. கூட்டத்துக்கு வந்த உறுப்பினர்களுக்கு வாடிவீட்டைக் கடந்துபோக வழியில்லை. சாப்பிட்டுவிட்டே போவோம் என்று இலையில் இருந்துவிட்டார்கள். சேர்மன் கந்தோரில் தனியாகக் காத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் தபாற்காரர் வந்தார். நீண்ட பழுப்பு உறை. என் கடிதத்துக்கான பதிலல்ல அது. எல்லாச் சபைகளுக்குமான சுற்றுநிருபம். வாடிவீடுகள் உள்ளூர் உணவை உள்ளூர் மொழியில் எழுதி, வீதியிலிருந்து தெரியும்படி வைக்கவேண்டுமாம். பதினான்காவது விதி அதற்கேற்பத் திருத்தப்பட்டிருந்தது. பின்னிணைப்பாக ஒரு மாதிரிப் பட்டியல். சோறு, மீன் குழம்பு, கீரை, சொதி, தயிரும் தேனும். எல்லாவற்றுக்கும் இலக்கமிட்டிருந்தார்கள். ஆறாவது இலக்கம்: "பஸ் சாரதி போசனசாலையினுள் அமர்ந்திருத்தல் வேண்டும்." அடியில், உத்தரவுப்படி.

எந்த அதிகாரி எந்தப் பஸ்ஸிலிருந்து என் பலகையைப் பிரதி பண்ணினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சேர்மன் இருதரம் வாசித்தார்.

"கொழும்பில மூளைசாலிகள் இருக்கிறாங்கள் ஐசே. பாரும், கிட்டத்தட்ட எங்கட பலகை மாதிரியே வந்திருக்கு."

"ஓம் சேர். கிட்டத்தட்ட."

"சரி, உரத்துக்கு வேறை இடம் பாக்கச் சொல்லி எழுதும்."

சுற்றுநிருபத்தை வாங்கி, நடைமுறைப்படி மேல்மூலையில் சபையின் முத்திரையைக் குத்தி, கிடைத்த திகதியை என் கையால் எழுதினேன்: சிவராத்திரிக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, சைவம் மட்டும்.