கருப்பியின் நாலு குஞ்சுகள்

அந்த வருஷம் வைகாசியில் எங்கள் வீட்டில் கருப்பி, செவலை என்ற இரண்டு கோழிகளையும் ஒரே நாளில் அடைக்கு வைத்தோம். கருப்பி பதினொரு குஞ்சு பொரித்தது. செவலைக்கு வைத்த ஒன்பதும் கூமுட்டை. மலையில் இடித்த இடியில் கலங்கிவிட்டது என்றார் அப்பா. அதே இடியில் கருப்பியின் முட்டைகள் மட்டும் எப்படித் தப்பின என்று கேட்டேன். எட்டு வயசுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று பதில் வந்தது.

செவலை எழுந்திருக்க மறுத்தது. நாள் கடந்தும் அந்த முட்டைகளைக் கட்டிக்கொண்டு கிடந்தது. சாமை நொய்யைப் பக்கத்தில் வைத்தாலும் தொடவில்லை. தூக்கிப் பார்த்தால் கையில் கனமே இல்லை. இப்படியே விட்டால் செத்துப்போகும் என்று அப்பா ஒரு வேலை செய்தார். பொழுது சாய்ந்து கண் மங்கும் நேரமாகப் பார்த்து, கருப்பியிடமிருந்து நாலு குஞ்சுகளை எடுத்தார். செவலை படுத்திருந்த வைக்கோலைக் கசக்கி அவற்றின் முதுகில் தேய்த்தார். பிறகு அதன் வயிற்றுக்கடியில் கைவிட்டு முட்டைகளை எடுத்துவிட்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக வைத்தார். நான் டார்ச் பிடித்தேன்.

காலையில் செவலை அந்த நாலையும் கூட்டிக்கொண்டு வாசலில் நொய் பொறுக்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் இழுத்து வந்து காட்டினேன்.

கருப்பியை யாரும் பார்க்கவில்லை. குஞ்சுகளைத் தேடிக்கொண்டு போகும் என்பதால், மிச்சமிருந்த ஏழோடு அதைக் குச்சிக்கிழங்குக் கூடையைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தார் அப்பா. அது உள்ளேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது.

"ஏனுங்க, கருப்பி நேத்திருந்து தண்ணியே குடிக்கலீங்க," என்றாள் அம்மா.

"அதுக்குத்தான் ஏழு இருக்குதே," என்றார் அப்பா.

அப்பாவின் அக்காவை மலையிலேயே இன்னொரு ஊரான திருப்புலி நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தைக்கு அந்தச் சித்திரையில் பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டது. இனி உண்டாகக் கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் என்னையும் ஒன்றரை வயதுத் தங்கச்சியையும் சேர்த்து இரண்டு பெண்கள். மூன்றாவது அம்மாவின் வயிற்றில். பெரியவர்கள் கூடிப் பேசி, தங்கச்சியை அத்தைக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். "அக்கா ஊட்டுல வளந்தா என்ன, நம்மூட்டுல வளந்தா என்ன," என்றார் அப்பா. அம்மாவை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

தங்கச்சிக்குத் தன் வாசனை பழக வேண்டும் என்று அத்தை தன் பழைய சேலை ஒன்றை, அதில் தூங்கவைக்கச் சொல்லி முன்கூட்டியே கொடுத்தனுப்பியிருந்தார். அம்மா அதைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்த பிறகுதான் விரித்தாள். மறுநாளும் துவைத்தாள். அம்மாவுக்குச் சுத்தம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

குஞ்சுகளை மாற்றிய மூன்றாம் நாள் அத்தை வந்தார். தங்கச்சிக்குப் புதுக் கவுன் போட்டுவிட்டு, பஸ்ஸுக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அம்மாவைப் பார்த்தால் பிள்ளை அழும், அவள் உள்ளேயே இருக்கட்டும் என்று பேசிக்கொண்டார்கள். எனக்குக் கூடை ஞாபகம் வந்தது. யாரும் சொல்லாமலே ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

"வெவரமான புள்ள," என்று அத்தை என் கன்னத்தைக் கிள்ளினார். அந்தப் பெருமையில் பஸ் வளைவு திரும்பும்வரை கையாட்டிக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. கருப்பியைவிட அம்மா சமர்த்து என்று தோன்றியது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் தாழ்ப்பாளை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

வாரக் கடைசியில் அப்பா கூடையைத் தூக்கினார். செவலையின் குஞ்சு ஒன்று வழிதவறிக் கருப்பியிடம் போனது. கருப்பி பொரித்த குஞ்சுதான் அது. மண்டையில் ஒரு கொத்து கொத்தி விரட்டிவிட்டது கருப்பி.

"பாரும்மா, அதுக்கு மறந்தே போச்சு," என்றேன்.

"கோழிக்கு மறந்துரும் கண்ணு," என்றாள் அம்மா.

ஆடி நோம்பிக்கு அத்தை தங்கச்சியைக் கூட்டி வந்தார். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாள். அதற்குள் முறையெல்லாம் மாறியிருந்தது. எனக்கு அத்தையானவர் அவளுக்கு அம்மா. எங்கள் அம்மா அவளுக்கு அத்தை. "அத்தைகிட்டப் போ சாமி," என்று சொல்லிக்கொடுத்ததும், "அத்த" என்றாள். இப்போது நர்சிங் படிக்கிற அவள் போனிலும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அம்மா சிரித்தாள். ஆனால் பிள்ளையைத் தூக்கவில்லை. கச்சாயம் சுடுகிற கை, எண்ணெயாக இருக்கிறது என்றாள். நிறைவயிற்றோடு அன்று முழுக்க அடுப்பை விட்டு நகரவே இல்லை. நான் தண்ணீர் மொண்டு வந்து கையைக் கழுவச் சொல்லியும் கழுவவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. பஸ்ஸுக்கு நேரமானதும் அம்மா தானாகவே உள்ளறைக்குள் போனாள். கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

பஸ் போன பிறகு நான் அப்பாவிடம் போய், "அம்மாவுக்கும் மறந்துருச்சுப்பா," என்றேன்.

அதுவரை என்மேல் கைவைத்தே அறியாத அப்பா, அன்று என்னை ஓங்கி அறைந்தார். எதற்கு அறைந்தார் என்று எனக்குப் புரியவில்லை.