கூவாத மீன்காரி

மீன் விக்கிறவளுக்குக் கூடை தலையில இருந்தாலும் பாரம் பூரா தொண்டையிலதான். வைத்திக்குப்பத்திலிருந்து கூடையைத் தூக்கிக்கிட்டு டவுனுக்குள்ள நுழைஞ்சா, மாடியில இருக்கிறவங்க காதுக்கு எட்டுற மாதிரி கூவணும். முப்பது வருஷம் கூவினேன். மூணு வருஷத்துக்கு முன்னால கழுத்துல ஒரு கட்டி வந்தது. தைராய்டு கேன்சர்னு சொல்லி, ஆஸ்பத்திரியில தைராய்டை மொத்தமா எடுத்தாங்க. கட்டி குரல் நரம்போட ஒட்டிக்கிட்டு இருந்ததாம். நோய் போச்சு, கூடவே குரலும் போச்சு. இப்போ வாயைத் திறந்தா பஞ்சர் ஆன டியூப் மாதிரி காத்துதான் வருது.

காலையில எழுந்ததும் வெறும் வயித்துல தைராய்டு மாத்திரையை முழுங்கிட்டு, காபிக்காக கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன். மத்தவங்களும் கேக்கலாம், தப்பில்லை.

நல்ல கேன்சர்

டாக்டர் தங்கமான மனுஷன். "பயப்படாதீங்கம்மா, இருக்கிறதுலயே இதுதான் நல்ல கேன்சர்"னு சொன்னார். பார்க்க வந்தவங்களுக்கெல்லாம் நானும் அதையே சொன்னேன். எல்லாரும் அப்பாடான்னு எழுந்து போனாங்க. எனக்கு மட்டும் அந்த அப்பாடா வரலை. நல்ல கேன்சருக்குப் போய் அழுதா நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னு, அழக்கூட கூச்சமா இருந்தது. உங்களுக்கும் இருந்திருக்கும்.

ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடி மீன் ஏலத்துல காசியம்மாவைப் பார்த்தேன். அவளும் மீன்காரிதான், எனக்கு அடுத்த தெருவுல விக்கிறவள். எங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருத்தி கூவுற தெருவுல இன்னொருத்தி கூவக்கூடாது. ரெண்டு தெருவும் சேர்ற முனை யாருக்குன்னு நாங்க ரெண்டு பேரும் இருபது வருஷமா சண்டை போட்டிருக்கோம். அவகிட்டயும் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கெழங்கான் மீன் குவியலைப் புரட்டிக்கிட்டே, தலையைத் தூக்காம அவ சொன்ன பதில்லதான் எனக்கு முதல்முதலா அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அவ்ளோ நல்லதுன்னா அவரையே ஒண்ணு வெச்சுக்கச் சொல்லேன்டி!"

பதினஞ்சு நாள்

ஆபரேஷனுக்கு அப்புறம், உள்ளே மிச்சம் மீதி இருந்தா அதையும் அழிக்கிறதுக்கு அயோடின் மருந்து கொடுப்பாங்க. அதுக்கு முன்னாடி பதினஞ்சு நாள் சாப்பாட்டுல அயோடின் சேரக்கூடாதுன்னு ஒரு தாளைக் கையில கொடுத்தாங்க. கடல் மீன் கூடாது, கருவாடு கூடாது, அயோடின் போட்ட பாக்கெட் உப்பு கூடாது, பால் கூடாது. தைராய்டுக்குப் பதிலா தினமும் போடுற மாத்திரையையும் நிறுத்தியாச்சு, அது இல்லாம உடம்பு சூடே பிடிக்காது. வெளியே அனல் அடிக்குது, நான் போர்வையைப் போத்திக்கிட்டு சுருண்டு கிடக்கிறேன். ஒரு காலைத் தூக்க ஒரு யோசனை, கீழே வெக்க ஒரு யோசனை.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர். எனக்கு ஆசை வந்துடக்கூடாதுன்னு அவரும் மீனைத் தொடலை. வலையில விழுந்ததை அப்படியே ஏலத்துக்கு அனுப்பிட்டு வந்து, தட்டுல இருக்கிற பூசணிக்காய்க் கூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஒரு நாள் நர்ஸம்மா போன் பண்ணி, ஏரி மீன் கொஞ்சம் சாப்பிடலாம்னு சொன்னாங்க. அதை அவர்கிட்ட சொன்னேன். துண்டை ஒரு உதறு உதறித் தோள்ல போட்டார்.

"ஊசுட்டேரி மீனை வாங்கிக்கினு, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு இந்தக் குப்பத்துக்குள்ள வர்றது?"

பெல் அடிச்சவள்

மருந்து குடிச்சுட்டு ஆஸ்பத்திரியில தனி ரூம், அப்புறம் வீட்டுல ஓய்வுன்னு நாலு மாசம் ஓடிப்போச்சு. எனக்கு உடம்பைவிடத் தெருவைப் பத்தித்தான் கவலை. காசியம்மா உன் தெருவுல விக்கிறாள்னு சேதி வேற வந்துக்கிட்டே இருந்தது. தெரு போச்சுன்னா இந்த வயசுல இன்னொரு தெருவை எங்கே போய்ப் பிடிக்கிறது, அதுவும் குரல் இல்லாம?

திரும்பப் போன முதல் நாள், தெரு நடுவுல நின்னு வாயைத் திறந்தேன். காத்துதான் போச்சு. ஒரு கதவும் திறக்கலை. கடைசி வீட்டு மாடியில, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்த, மதாம்னு நாங்க கூப்பிடுற அம்மா செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்துட்டு, சொட்டுற குவளையோட இறங்கி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. "காசியம்மா இங்கே கூவிக்கிட்டு இருந்தாளா?"ன்னு கேட்டேன். காதைக் கிட்ட கொண்டு வந்து கேட்டுட்டு, மதாம் சிரிச்சாங்க.

"கூவறதா? இது உன் தெருவாச்சேன்னு ஒரு நாள்கூட அவ கூவலை, வீடு வீடா பெல் அடிச்சுத்தான் வித்தா. அடிச்சு அடிச்சு எங்க வீட்டு பெல்லே போயிடுச்சு!"

தையல்

கழுத்துல மாலை போட்ட மாதிரி ஒரு தழும்பு இருக்கு. அதை மறைக்க வெயிலிலும் துண்டு சுத்திக்கிட்டுப் போவேன். அந்தத் துண்டு இப்போ தலைக்குச் சும்மாடு ஆயிடுச்சு. அதுக்குக் காரணம், பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்குற, என் தெருவுல இருக்கிற ஒரு சொல்தா பெரியவர். ஒரு நாள் "அதை அவுத்துடும்மா"ன்னு சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கிட்டு, சங்கரா மீனோட செவுளைப் பார்க்கிற மாதிரி குனிஞ்சு, நிதானமா பார்த்தார்.

"நல்லாத்தான் தெச்சிருக்கான். என் தொடையில போட்ட தையலைக் காட்டினா நீ கூடையைப் போட்டுட்டு ஓடிடுவ."

வரிசையில பக்கத்துல இருந்தவள்

"பார்க்க நல்லாத்தானே இருக்க, உனக்கு என்ன?" இதைக் கேக்காத வீடு இல்லை. கூடையை இறக்கினா திரும்பத் தூக்க முடியாத நாள் இருக்கு. கால்சியம் குறைஞ்சு உதடும் விரலும் சுருசுருன்னு இழுக்கிற நாள் இருக்கு. அதெல்லாம் வெளியே தெரியாது. என்னைக் கேட்டா, அதெல்லாம்கூட தாங்கிக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை, நோய் திரும்பிடுச்சான்னு பார்க்கப் பரிசோதனைக்குப் போய் ரத்தம் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கிற நேரம்தான் தாங்காது.

போன தடவை அந்த பெஞ்சுல பக்கத்துல ஒரு பொண்ணு. சேதராப்பட்டு கம்பெனி ஒண்ணுல வேலை செய்யறாளாம். அவளுக்கும் அதே ஆபரேஷன். திரும்பிப் பார்த்தா என் கை என் கழுத்துல, அவ கை அவ கழுத்துல. அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"அக்கா, எச்சி முழுங்கறப்பல்லாம் கழுத்தைத் தொட்டுப் பாக்கறது நான் மட்டும்தான்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

பொட்டி

நானும் கொஞ்ச நாள் பெல் அடிச்சுப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு நின்னு நின்னு போறதுக்குள்ள மூச்சு வாங்கிடும், பாதி மீன் கூடையிலயே தங்கிடும். போதும், வியாபாரத்தை விட்டுடுன்னு வீட்டுல சொன்னாங்க. விட்டுட்டு என்ன பண்றது, கழுத்தைத் தடவிக்கிட்டு உட்கார்ந்திருக்கவா? மருமக ஒரு ஸ்பீக்கர் பொட்டி வாங்கி வந்தாள். பழைய பேப்பர்காரங்க வண்டியில இருக்குமே, ஒரு தடவை பேசி வெச்சா அதுவே கத்திக்கிட்டுப் போகும். அவளே பேசிப் பார்த்தாள், ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு கேக்கிற மாதிரி இருந்தது. என் பழைய குரல் யார் போன்லயாவது இருக்கான்னு தேடினோம். தினமும் கேக்கிற குரலை யார் பிடிச்சு வெப்பாங்க? ஒருத்தர்கிட்டயும் இல்லை.

விஷயம் தெரிஞ்சு காசியம்மா வந்தாள். பொட்டியை வாங்கி மடியில வெச்சு, மூச்சை இழுத்துக் கூவினாள். "சங்கரா... கெழங்கா... நெத்திலீய்!" நெத்திலியை மூக்கால இழுத்து, கடைசியில வெடுக்குன்னு வெட்டுற அந்த இழுப்பு என்னோடது. வேற எவளுக்கும் கிடையாது. வலை தெச்சுக்கிட்டு இருந்த என் வீட்டுக்காரர் சட்டுன்னு நிமிர்ந்தார். கூவினவளைப் பார்க்கலை, என்னைத்தான் பார்த்தார்.

மறுநாள் தெருவுல பொட்டியோட பட்டனைத் தட்டினேன். கதவெல்லாம் திறந்தது. பொட்டிக்கு அவ்வளவா விவரம் பத்தாது. அன்னைக்கு நெத்திலி கிடைக்கவே இல்லை, அது பாட்டுக்கு நெத்திலி நெத்திலின்னு கத்துது. கிண்ணத்தோட வந்தவங்க என்னைத் திட்டிட்டு சங்கரா வாங்கிட்டுப் போனாங்க. மதாம் மட்டும் மீனைப் பார்க்கலை. செருப்புகூடப் போடாம இறங்கி வந்து, என் வாயையே பார்த்தாங்க. நான் பொட்டியைக் காட்டினேன்.

கூடை காலியாகித் திரும்புறப்போ தெருமுனையில காசியம்மா நிக்கிறாள். தன் தெருவுக்குப் போகாம, இவ்வளவு நேரம் அங்கேயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கிறாள். கிட்டப் போய், என் இழுப்பு உனக்கு எப்படிடி வந்ததுன்னு கேட்டேன்.

"இருபது வருஷமா அந்தச் சத்தம் கேட்டாலே, நீ தெருமுனைக்கு முந்திக்கப் போறியேன்னு கூடையோட ஓடியிருக்கேன். எனக்கு வராம வேற எவளுக்குடி வரும்?"

தைராய்டு இல்லாம மாத்திரையில காலம் தள்ளிடலாம், குரல் இல்லாம பொட்டியில தள்ளிடலாம், காசியம்மா இல்லாம மட்டும் முடியாதுங்கிறதை யாரும் அவ காதுல போட்டுடாதீங்க, அப்புறம் தெருமுனையும் தன்னோடதுதான்னு சொல்லிடுவாள்.